முழங்கால் வலியா? ஆபரேஷனுக்கு முன் இதைச் செய்யுங்கள்

தேய்மானத்தால் வரும் நாள்பட்ட மூட்டுவலிக்கு...

• நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டு மெல்ல இறக்குங்கள். காலுக்கு 10 முறை, காலையும் மாலையும். தொடை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும்.

• உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ சுமை குறையும். இரவில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, காயைக் கூட்டுங்கள்.

• படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடியை வலிக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.

• சம்மணமும் குத்துக்காலும் வேண்டாம். அரிவாள்மணையை ஓரங்கட்டிவிட்டு, மேசையில் வைத்துக் காய் நறுக்குங்கள்.

• விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம்.

• வலி மாத்திரையை நீங்களாகவே நாள்கணக்கில் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

• மூட்டு சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

வலிக்குப் பயந்து நடையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முடங்கிக் கிடந்தால் மூட்டு இன்னும் இறுகும்.