தாத்தாவின் டட்சனுக்கு எந்த புஷ்?

பாகான் செராய்

அன்புள்ள மருமகனே,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பளபளக்கும் சிவப்பு பாலியூரித்தேன் புஷ் செட், கூடவே உயரத்தை மாற்றும் ஹை-லோ அப்சோர்பர், வண்டியைக் கீழே இறக்கும் ஸ்பிரிங். முஸ்டாங்கும் கமாரோவும் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் மாற்றுகிறார்கள், தாத்தாவின் டட்சன் 120ஒய்க்கும் இதையே போடலாமா என்று கேட்டிருக்கிறாய். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டாய், நல்லதாய்ப் போயிற்று.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஜாக்கியில் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தேன். இடது லோவர் ஆர்மின் உள்பக்க புஷ்ஷில் ரப்பர் இரும்பு வளையத்தை விட்டுப் பிரிந்து பிறை போல வாய் திறந்திருக்கிறது. என் கட்டைவிரல் நகம் முழுதும் உள்ளே போகிறது. கம்பியை வைத்து நெம்பினால் ஆர்ம் ஆடுகிறது. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றாயே, காரணம் அங்கேதான் இருக்கிறது. பின்பக்க ஷேக்கிள் புஷ்கள் கெட்ட விதம் வேறு. அவை வெடிக்கவில்லை, உப்பி, மெத்தென்று ஆகி, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டுகின்றன.

அந்த உப்பலுக்குக் காரணம் தாத்தாவின் அக்கறைதான். தோட்டத்து லாரிகளுக்குச் செய்தது போல, துருப் பிடிக்காமல் இருக்க டீசலும் பழைய எஞ்சின் எண்ணெயும் கலந்து அடியில் பீய்ச்சுவார். இரும்பு பிழைத்தது. இயற்கை ரப்பரோ எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். இனி அந்தப் பழக்கம் வேண்டாம். துருவுக்கு ரப்பர் மேல் படாமல் மெழுகு அடித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். புஷ் என்பது இரண்டு இரும்பைச் சேர்த்துப் பிடிக்கும் துண்டு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பிடிப்பது அதன் பாதி வேலை. மீதிப் பாதி அசைய விடுவது. எந்தப் பக்கம் அசைய விட வேண்டும், எந்தப் பக்கம் விடக்கூடாது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே வண்டி முழுதுக்கும் ஒரே கடினத்தில் ஒரு செட் என்று விற்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு புஷ்ஷாக, அது இருக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லோவர் ஆர்ம் புஷ்ஷை எடுத்துக்கொள். வெளியே ஓர் இரும்புக் குழல், நடுவே ஒரு சிறு குழல், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ரப்பர் இரண்டோடும் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்காது, தேயாது. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, பிறகு தானே திரும்பும். அதனால் அதற்குக் கிரீஸ் தேவையில்லை. நாற்பது ஆண்டு ஓடிய புஷ்ஷை நான் என் கையால் கழற்றியிருக்கிறேன்.

இந்த வேலைக்கு இன்றும் இயற்கை ரப்பரைத்தான் நம்புகிறார்கள். உன் கொள்ளுப்பாட்டி களும்போங் தோட்டத்தில், கரும்பு விளைந்த மண் கித்தாத் தோட்டமாக, அதாவது ரப்பர் தோட்டமாக, மாறிய பிறகு, இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போனவர். அவர் சேர்த்த பாலில் இருந்து வரும் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. நீட்டி இழுக்கும்போது அதன் நீண்ட இழைகள் வரிசையாகப் படிந்து அந்த இடத்தில் கெட்டிப்படும். ஆகவே ஒரு சிறு வெடிப்பு விழுந்தாலும் அதன் நுனி சீக்கிரம் முன்னேறாது. விமான டயரில் இயற்கை ரப்பர் நிறையச் சேர்ப்பதும் இதனால்தான். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1957இல் கட்டிய பெல்ஹாம் பாலம் இயற்கை ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1985இல் கலிபோர்னியாவில், நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டிய ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்கும் இயற்கை ரப்பர் மெத்தைகள்தான்; மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் இங்கிலாந்து ஆய்வகம் அந்த ரப்பரை உருவாக்கியது. 1877இல் குவாலா கங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னமும் அங்கே மரமாக நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போது இறங்கி ஒருமுறை தொட்டுப் பார்.

பாலியூரித்தேனை நான் வெறுக்கவில்லை. எண்ணெய் பட்டாலும் உப்பாது, எளிதில் நசுங்காது. ஆனால் அது உள்குழலோடு ஒட்டியிருப்பதில்லை. குழலின் மேல் வழுக்கித் திரும்பும். ஆகவே கிரீஸ் வேண்டும், அதுவும் புஷ்ஷோடு கொடுக்கும் கிரீஸ் அல்லது சிலிகோன் கிரீஸ். காய்ந்தால் கிறீச் கிறீச்சென்று கத்தும். இன்னொன்று நம் ஊருக்கு முக்கியம்: பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என இரண்டு உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாலியெஸ்டர் வகை நாளடைவில் நீரால் சிதைந்து பொடியும். பாலியீதர் தாங்கும். வயல் நீருக்கும் மழைக்கும் நடுவில் வாழ்கிற நாம் எந்த வகை என்று கேட்காமல் வாங்கக்கூடாது. கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், தயாரித்தவர் எழுதித் தரும் வரை வாங்காதே.

இப்போது இடங்களைப் பார்ப்போம். முன்பக்க ஸ்டெபிலைசர் கம்பியை வண்டியின் உடலோடு பிடிக்கும் புஷ்ஷுக்கு பாலியூரித்தேன் தாராளமாகப் போடு. அந்தக் கம்பி அங்கே சுழல மட்டுமே வேண்டும். வளைவில் வண்டி சாய்வது குறைவதை முதல் நாளே உணர்வாய். லோவர் ஆர்முக்கு ரப்பர். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கும் ரப்பர்தான். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் அந்தப் பட்டை முறுக்கிக்கொள்ள இடம் வேண்டும்; கல் போன்ற புஷ்ஷைப் போட்டால் முறுக்கம் முழுதும் பட்டையின் மேல் விழும். ஷேக்கிளுக்கு எதுவானாலும் சரி, எண்ணெய் அடிப்பதை மட்டும் நிறுத்து.

டென்ஷன் ராட் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லோவர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் கம்பி அது. அதன் நுனி ஒரு தகட்டுத் துளைக்குள் போகும். தகட்டின் இரு பக்கமும் இரண்டு ரப்பர் வில்லைகள், முனையில் நட்டு. சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பி அந்த வில்லைகளுக்குள் சாய்ந்து எழும். உன் வயதில் நானும் ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு இரு பக்கமும் கெட்டி வில்லை போட்டேன். ஸ்டீயரிங் முதல் வாரம் கத்தி போல இருந்தது. சில மாதம் கழித்து, செமாங்கோல் சாலையில் ஒரு சிறு பாலத்தின் மேட்டில் ஏறி இறங்கியதும் டக்கென்று ஒரு சத்தம். பிரேக்கைத் தொட்டேன், சக்கரம் பின்னோக்கி ஓடி மட்கார்டில் இடித்தது. இறங்கிப் பார்த்தால் கம்பி மரை தொடங்கும் கழுத்தில் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி பழைய துரு, பாதி புது வெள்ளி. வளைய முடியாத வில்லை, வளைய வேண்டிய வேலையைக் கம்பியின் கழுத்தில் ஏற்றியிருக்கிறது. என் பக்கத்தில் உன் அத்தை, அவர் மடியில் குழந்தை. வேகம் குறைவாக இருந்ததால் தப்பித்தோம். டட்சன் 240இசட் வைத்திருப்பவர்களும் இந்த முறிவைக் கண்டு எச்சரித்திருக்கிறார்கள். 1964இல் வந்த முதல் முஸ்டாங்கின் முன்பக்கத்திலும் இதே வேலை செய்யும் ஒரு கம்பி உண்டு. ஆகவே அந்தச் செட்டை எந்த வண்டிக்கு வாங்கினாலும் இந்த ஓர் இடத்தில் கை நிற்கட்டும். ரப்பர் வில்லை போடு, வருடம் ஒருமுறை கழுத்தைத் துடைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்.

ஸ்பிரிங்குக்கு வருகிறேன். வெட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி ஏழு ஏறக்குறைய 14 விழுக்காடு கெட்டியாகும். ஆனால் சக்கரம் மேலே ஏற இருந்த இடம் அதைவிட அதிகமாகக் குறைந்துவிடும், ஆகவே அப்சோர்பர் அடியில் போய் மோதும். தூக்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். கடையில் செய்த இறக்க ஸ்பிரிங் என்றாலும் மிக இறக்காதே. லோவர் ஆர்ம் படுத்த நிலையைத் தாண்டி வெளிப்பக்கம் மேலேறிச் சாய்ந்தால், உடல் உருளும் மையம் தரைக்குக் கீழே போய்விடும். பார்க்கத் தாழ்வாக இருக்கும் வண்டி வளைவில் முன்பைவிட அதிகம் சாயும். நம் சாலை எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தைக் கட்டி வயலாக்கிய சதுப்பு மண் இது. சாலை அமுங்கும், பாலம் அமுங்காது. குவாலா குராவ் போகும் வழியில் ஒவ்வொரு பாரிட் வாய்க்காலுக்கும் ஒரு மேடு. தாத்தாவின் வண்டி இருந்த உயரத்திலேயே இருக்கட்டும்.

அப்சோர்பர் மட்டும் நல்லதாக வாங்கு. முன்பக்கம் குழலுக்குள் போடும் காட்ரிட்ஜ் வகை. பழைய எண்ணெயை வெளியே ஊற்றிவிட்டு, புதிய காட்ரிட்ஜை இறக்கும் முன் குழலுக்குள் சிறிது எஞ்சின் எண்ணெய் விடச் சொல். சூடு வெளியே போக அது வழி. ஹை-லோ இந்த வண்டிக்குத் தேவையில்லை. 1171 சிசி எஞ்சின், லேசான உடல். தவிர, வண்டியை உன் பெயருக்கு மாற்றும்போது பரிசோதனையில் அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் இல்லாத மாற்றத்தோடு போய் நிற்பானேன்?

வாங்கும்போது பழைய புஷ்ஷைக் கையோடு எடுத்துப் போ, வெர்னியரால் வெளி விட்டம், உள் விட்டம், நீளம் மூன்றையும் அளந்து ஒப்பிடு. பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்பாதே, போலி நிறைய வருகிறது. புதிய ரப்பரை நகத்தால் அழுத்து. குழி உடனே நிமிர வேண்டும். வெளிக் குழலோடு ரப்பர் சேரும் விளிம்பில் இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடு.

கடைசியாக மாட்டும் முறை. நல்ல ரப்பர் புஷ்ஷும் ஆறே மாதத்தில் கிழிவது இந்த இடத்தில்தான். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போமன் (மெக்கானிக்) நட்டை இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். கீழே இறக்கியதும் நிற்கும்போதே முறுக்கோடு நிற்கும். ஆகவே எல்லா நட்டையும் கையால் தளர்வாக விட்டு, நான்கு சக்கரத்துக்கும் கீழே பலகை அடுக்கி இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, மூலைகளை அழுத்தி ஆட்டிவிட்டு, அதன் பிறகு இறுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். பிறகு நேராக அலைன்மெண்ட்.

சனிக்கிழமை வரும்போது லோவர் ஆர்ம் புஷ் இரண்டு, டென்ஷன் ராட் வில்லை நான்கு, ஷேக்கிளுக்கு எட்டு அரை புஷ், ஸ்டெபிலைசருக்கு மட்டும் அந்தச் சிவப்பு வாங்கிக்கொண்டு வா. பலகை என்னிடம் இருக்கிறது. பழைய குழலை அறுக்க ஹேக்ஸா பிளேடு இரண்டும் கொண்டு வா, ஒன்று நிச்சயம் உடையும்.

அன்புடன்,
மாமா