முன் பிரேக்கைத் தொடாதே என்று சொன்னவர்களுக்கு

"முன் பிரேக்கை மட்டும் தொட்டுடாதே, குப்புறத் தூக்கிப் போட்ரும்." உங்கள் வீட்டிலும் மாமாவோ சித்தப்பாவோ இதைச் சொல்லித்தான் வண்டி பழக்கியிருப்பார். எனக்குச் சொன்னவர் தாய்மாமா. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பையன்களில் பாதிப் பேருக்கு வண்டி கற்றுக்கொடுத்த பெருமை அவருக்கு உண்டு. அந்தப் பெருமைக்கு நான் கொடுத்த விலை என் இடது காறை எலும்பில் பிளேட்டாக இருக்கிறது. மழைக்காலத்தில் இன்னமும் வலிக்கிறது.

ஒரத்தநாடு ரோட்டில் நடந்தது அது. வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வயலிலிருந்து டிரெய்லரோடு ரோட்டில் ஏறியது. வண்டியை நிறுத்துவதற்கு இடம் தாராளமாக இருந்தது. பழக்கிவிட்டபடியே வலது காலால் பின் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்தியது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் வலப்புறமாக வழுக்கிக்கொண்டு போக, இடது தோள் தாரில் மோத விழுந்தேன். வலது கையின் நான்கு விரல்களும் கடைசிவரை ஆக்சிலேட்டரைச் சுற்றியே இருந்தன. ஒரு விரல்கூட முன் பிரேக் லீவர் பக்கம் போகவில்லை. சம்பவ இடத்தைப் பார்த்து வந்த தம்பி, பின் டயர் தேய்த்த கறுப்புக் கோடு ஒரு பஸ் நீளத்துக்கு வளைந்து கிடக்கிறது என்றான்.

ஆஸ்பத்திரியில் மாமா சொன்னதை மறக்கவே முடியாது: "நல்லவேளை, முன் பிரேக்கைப் பிடிக்கல. பிடிச்சிருந்தா இந்நேரம் மாலை போட்டிருப்போம்." கூடி நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். முன் பிரேக்கைப் பிடித்திருந்தால் நான் விழுந்தே இருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியவந்தது சில வருடங்கள் கழித்து, சிங்கப்பூரில்.

அங்கே சூப்பர்வைசர் வேலைக்குப் போன பிறகு மோட்டார்சைக்கிள் லைசென்ஸுக்குப் பணம் கட்டினேன். ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்குடா ட்ரெய்னிங்? தண்டச் செலவு." தியரி பரீட்சை, முன்பதிவு, கண் பார்வை இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். பயிற்சித் திடலுக்குள் நுழைந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. முழுக்கைச் சட்டை, ஷூ இல்லாமல் வண்டியில் ஏற முடியாது. தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்த ஒடுங்கிய பலகை மேல் மெதுவாக ஓட்டிக் கடக்க வேண்டும். டெஸ்டில் சக்கரம் பாதியில் இறங்கினால் அங்கேயே ஃபெயில். லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் போதாது, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மார்க் போகும். இவ்வளவும் முடித்துப் பாஸானால் கிடைப்பது 200 சிசி வரைக்குமான 2பி லைசென்ஸ். ஒரு வருடம் ஓட்டிய பிறகுதான் 400 சிசிக்குரிய 2ஏ பக்கம் போகலாம். நம் ஊரில் பதினெட்டு வயது முடிந்த அன்றைக்கே எந்த சிசி வண்டிக்கும் எல்எல்ஆர் போடலாம்.

என்னை உலுக்கிய பாடம் அவசர பிரேக். வேகமெடுத்து வந்து, குறித்த இடத்தில் பிரேக் பிடித்து, குறித்த தூரத்துக்குள் வண்டி கோணாமல் நிற்க வேண்டும். முதல் முறை காலால் மிதித்தேன். பின்சக்கரம் கிறீச்சிட்டுக் கோட்டைத் தாண்டிப் போனது. பயிற்சியாளர் திட்டவில்லை. "கையை யூஸ் பண்ணு, கையை!" என்றார். அதன் பிறகு விளக்கினார். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பாரம் குறைந்த பின்சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது லாக் ஆகி இழுபடும், அவ்வளவுதான்.

முன் பிரேக்கால் விழுபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மணலிலும் வெடுக்கென்று பிடிப்பவர்கள் விழுகிறார்கள். அதற்கு வைத்தியம் பிரேக்கைத் தொடாமலிருப்பது அல்ல, பிடிக்கப் பழகுவது. ஹேண்டில் நேராக இருக்கட்டும். முதலில் லீவரை லேசாக அழுத்துங்கள், பாரம் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. கூடவே பின் பிரேக்கை அளவாக மிதியுங்கள். முன்சக்கரம் வழுக்குவதாகத் தோன்றினால் உடனே லீவரை விட்டு மறுபடி பிடியுங்கள்.

இன்னும் நம்பாதவர்கள் ஷோரூமில் போய் விசாரிக்கலாம். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரையிலான வண்டிகளில் ஏபிஎஸ் இல்லையென்றால் சிபிஎஸ் இருந்தாக வேண்டும் என்றது அதே விதி. சிபிஎஸ் என்றால், பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். மாமா தொடாதே என்ற பிரேக்கை, தொடத் தெரியாதவனுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொடு என்று சட்டமே சொல்லிவிட்டது.

ஊர் திரும்பிய பிறகு மற்ற பழக்கங்களும் கண்ணில் உறுத்துகின்றன. பெட்ரோல் மிச்சம் என்று மலையிலிருந்து நியூட்ரலில் இறக்குகிறார்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எஞ்சினின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சூடேறிய பிரேக் கீழே வருவதற்குள் வலுவிழந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஹெல்மெட்டின் வாரை மாட்டாமல் போலீஸுக்காகத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். விழும்போது முதலில் கழன்று ஓடுவது அந்த ஹெல்மெட்தான். நின்ற பஸ்ஸை இடப்பக்கமாக முந்துகிறார்கள், படியிலிருந்து ஆள் இறங்குவார் என்ற நினைப்பே இல்லாமல். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு ஒடம்பெல்லாம் கண்ணு" என்கிறார்கள்.

இதில் எதையும் ஆர்டிஓ டெஸ்டில் நான் சந்திக்கவில்லை. கால் ஊன்றாமல் எட்டு போட்டேன், லைசென்ஸ் வந்தது. எட்டு நல்ல பயிற்சிதான், மெதுவாகப் போகும்போது பேலன்ஸ் வருகிறதா என்று காட்டும். அறுபதில் போகிறவன் நிறுத்துவானா என்று காட்டாது. அறுபதில் ஒரு நொடிக்கு வண்டி சுமார் 17 மீட்டர் போகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை லீவரைத் தொடுவதற்குள்ளேயே அந்த ஒரு நொடி போய்விடும். வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் வந்தவர்கள். அதே வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

எனவே, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கோ ஆளில்லாத பைபாஸ் சர்வீஸ் ரோட்டுக்கோ போங்கள். ஹெல்மெட், ஷூ கட்டாயம். தரையில் ஒரு கோடு போட்டு, இருபதில் வந்து அந்தக் கோட்டில் பிரேக் பிடித்து நிறுத்துங்கள். கை பழகியதும் முப்பது, பிறகு நாற்பது. ஒவ்வொரு தடவையும் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்கள் என்று காலால் அளந்து பாருங்கள். பின்னால் மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்து ஓட்டுகிறவர், பாரம் கூடினால் நிற்கும் விதமே மாறும் என்பதால், ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டும் செய்து பார்க்க வேண்டும்.

அக்கா மகனுக்குப் பதினெட்டு முடிந்ததும் மாமாவே பழக்கிவிடுகிறேன் என்று வந்தார். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், இரண்டு கல்யாணங்களில் என்னோடு பேசவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பழக்க யாராவது முன்வந்தால், அவர் எத்தனை வருடமாக ஓட்டுகிறார் என்று கேட்காதீர்கள். எந்த பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்று கேளுங்கள். "முன் பிரேக்கைத் தொடாதே" என்று ஆரம்பித்தால், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.