கண் அளவு போதாது

சுகோய் சத்தம் கேட்டால் எங்கள் கறம்பக்குடியில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய்-30 ஸ்குவாட்ரன் வந்ததிலிருந்தே இப்படித்தான். "அண்ணே, உங்க டிப்ளமோவை வச்சு ப்ளேன் ரிப்பேர் பண்ணலாமா?" என்றான் தம்பி.

நண்பர்களே, டிப்ளமோவை வைத்து அந்தப் படிப்பில் சேரலாம். ஆனால் அது மட்டும் போதாது. பயணிகள் விமானத்தைப் பழுதுபார்த்து, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் வேண்டும். எஞ்சின், பாடி வேலைக்கு பி1, ஏவியானிக்ஸுக்கு பி2. பரீட்சை பாஸானாலும், விமானத்தில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்டினால்தான் லைசென்ஸ் கைக்கு வரும்.

ஏன் இத்தனை கெடுபிடி? 1990 ஜூன் 10-ம் தேதி, இங்கிலாந்து வானில் ஒரு விமானத்தின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே! ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி எப்படியோ இறக்கிவிட்டார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

நடந்தது இதுதான். ராத்திரி ஷிஃப்டில் அந்தக் கண்ணாடியை மாட்டியவர், புது போல்ட்டைப் பழசோடு கண்ணாலேயே ஒப்பிட்டு எடுத்திருக்கிறார். கேட்டலாக்கைப் புரட்டவில்லை. 90 போல்ட்டில் 84 போல்ட்டுக்கு விட்டம் குறைவு. எவ்வளவு தெரியுமா? வெறும் 0.66 மி.மீ.!

லேத்தில் நானும் வெர்னியர் எடுக்கச் சோம்பல்பட்டு, 'சரியாத்தான் இருக்கும்'னு விட்டவன்தான். சார் என் ஜாபைத் தூக்கி ஸ்கிராப்பில் போட்டார். அன்னிக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. இப்போ தம்பிக்கு வெர்னியர் பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கேன்.