இமையும் விழியும்

தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு கூறுங்கால் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் சுட்டினார். அப்பகுதியைப் பயிற்றும்போதெல்லாம் இமையைக் காலத்தை அளக்கும் கருவியாகவே நாம் மாணவர்க்குக் காட்டுகிறோம். ஆயின் இமையின் முதற்பணி காவலே ஆகும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை மூடித் திறந்து, கண்ணீரை விழிமீது பரப்பி, தூசியை அகற்றுகின்றது. இமைக்கும் விழிக்கும் வரும் நோய்களுள் எவற்றிற்குப் பொறுத்திருக்கலாம், எவற்றிற்குப் பொறுத்தலாகாது என்பதை ஈண்டுக் காண்போம்.

கண்கட்டி

இமை விளிம்பிலுள்ள சுரப்பியில் கிருமி புகுவதால் சிவந்து, வீங்கி, வலிக்கும் கட்டி இது. நாமக்கட்டியை உரைத்துப் பூசுவது நம் பாட்டிமார் வழக்கம். அதனினும் பயன் தருவது வெந்நீர் ஒத்தடமே. தூய துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, 10 நிமிடம் வீதம் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை வைத்தால், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். பிதுக்குதல் கூடாது. வலியின்றி வாரக்கணக்கில் நீடிக்கும் கட்டி எனில், எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டதாகும். அதற்குச் சில வேளைகளில் சிறு அறுவை தேவைப்படும்.

இமை விளிம்பு அழற்சி

இமைமுடிகளின் அடியில் பொடுகு போன்ற செதில் படிந்து, அரிப்பும் எரிச்சலும் தோன்றும். ஒத்தடமும் அன்றாடத் தூய்மையுமே இதற்கு மருந்து. மீண்டும் மீண்டும் வருவது இதன் இயல்பு.

கண்வலி

'மெட்ராஸ் ஐ' என வழங்கும் இந்நோயைப் பெரும்பாலும் பரப்புவது வைரசு. நோயாளியைப் பார்ப்பதால் இது ஒட்டுவதில்லை. கையும் துண்டும் தலையணையுமே பரப்புகின்றன. பொதுவாக ஓரிரு வாரத்தில் தானே தணியும். எனினும் கடும்வலியோ, பார்வை மங்கலோ, ஒளியைக் காணக் கூசுதலோ உண்டாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கருவிழிப் புண்

கொங்கு நாட்டார் மிகவும் அஞ்சத்தக்கது இதுவே. கரும்புத் தோகையோ, சோளத் தாளோ, நெல் உமியோ கீறிய கருவிழியில் பூஞ்சை வேர்கொள்ளும். பட்டறையில் தெறிக்கும் இரும்புத் துகளும் விழியைப் புண்ணாக்கும். நம் மாணவர் ஒருவரின் தந்தை, தோகை கீறிய கண்ணில் தாய்ப்பாலும், பின்னர்க் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் விட்டு, மூன்று வாரம் காத்திருந்தார். அக்கண்ணின் பார்வை மீளவில்லை. ஸ்டீராய்டு சிவப்பைத் தணித்து நலம்போலக் காட்டும். உள்ளே பூஞ்சையை வளர்க்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இழைப்பூஞ்சைப் புண்ணுக்கு வோரிகொனசோலினும் நட்டாமைசின் சொட்டு மருந்தே சிறந்ததென நிறுவியது. அம்மருத்துவமனை கோவை அவிநாசி சாலையில் 1997 முதல் இயங்குகின்றது. சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனையும் உண்டு. மருந்து அருகிலேயே இருந்தும் கண் கெடுவது காலத்தாழ்ச்சியால்தான்.

ஆகவே, இமைக்கட்டிக்குப் பொறுமை மருந்து. கருவிழிக் கீறலுக்குப் பொறுமை நஞ்சு. நம் மாணவருள் பலர் உழவர் குடியினர், ஆலைத் தொழிலாளர் மக்கள். இவ்வேறுபாட்டை அவர்கள் தம் இல்லத்தில் எடுத்துரைப்பார்களாயின், ஒரு கண்ணேனும் காக்கப்பெறும். அதுவே இக்கட்டுரையின் பயன்.