அடி அண்ணாமலையில் லேப்டாப் பிரிக்கத் தொடங்கும் இளைஞருக்கு

கேமிங் லேப்டாப்பில் தெர்மல் பேஸ்ட் மாற்றுவது என்றால் காற்றை வெளியேற்றுவது என்று பொருள். சில்லின் முகமும் அதன்மேல் அமரும் செம்புத் தகடும் கண்ணுக்கு வழவழவென்று இருந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும்; பள்ளங்களில் காற்று தங்கிவிடும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400. ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்பது அதன் அலகு. காற்றுக்கு அது 0.026தான். நல்ல பேஸ்ட் என்று விற்பவை இதே அலகில் 5 முதல் 12 வரை என்று டப்பாவில் போட்டுக்கொள்கின்றன. செம்போடு வைத்துப் பார்த்தால் பேஸ்ட்டே ஒரு தடை. காற்றோடு வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய இருநூறு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்தது. அதனால் பேஸ்ட் இருக்கவும் வேண்டும், முடிந்த அளவுக்கு மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர் செய்யும் தவறுகளில் பாதி, இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால் வருபவை.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லேப்டாப்பைக் கிராமத்து வீடுகளுக்குள் கொண்டுவந்தது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் பக்கம் கிடக்கும் அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் பழுதுபார்ப்பவர் கை பழகுவது அந்த மாதிரிச் சாதாரண இயந்திரங்களில்தான். அவற்றுக்கு 65 வாட் சார்ஜர் போதும். பேஸ்ட்டை எப்படிப் பூசினாலும் ஓடிவிடும். விளையாடவும் கல்யாண வீடியோ எடிட் செய்யவும் வாங்கப்படும் இயந்திரம் வேறு வகை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் ஜிபியு ஒன்றே 115 வாட் வரை இழுக்கும். ப்ராசஸர் தன் பங்குக்கு இன்னொரு 50, 60 வாட் சேர்க்கும். இத்தனை வெப்பமும் கட்டைவிரல் நகத்தளவு பரப்புகளிலிருந்து வெளியேற வேண்டும். பழைய பழக்கம் இங்கே செல்லாது.

ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் எடுக்க வேண்டியது அறை வெப்பமானி. லேப்டாப் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர முடியாது. காற்றுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதே குளிரூட்டலின் உண்மையான அளவு. முழு வேலையில் அறையைவிட 60 டிகிரி ஏறும் ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டால், மார்கழியில் 24 டிகிரி அறையில் அது 84இல் நிற்கும். கத்திரி வெயிலில், ஷீட் போட்ட கடைக்குள் 38 டிகிரி இருக்கும்போது, அதே இயந்திரம் 98ஐத் தொடும். இன்டெல் லேப்டாப் சில்லுகள் பலவற்றுக்கு உச்சவரம்பு 100 டிகிரி. ஏஎம்டியில் சில்லைப் பொறுத்து 95 முதல் 105 வரை. என்விடியா ஜிபியு பெரும்பாலும் 87ஐ ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் திடீரென்று சூடாகிறது என்று வரும் லேப்டாப்பில் எதுவும் திடீரென்று கெட்டிருக்க வேண்டியதில்லை. ஆறு மாதமாகக் கெட்டுவந்தது வெயிலில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வெயிலில் மாற்றிய பேஸ்ட்டின் பலனை மழை நாளில் அளந்துவிட்டுப் பத்து டிகிரி இறக்கினேன் என்று சொல்வதும் இதே கணக்கின் மறுபக்கம்.

வெப்பநிலை மட்டும் குறித்தாலும் ஏமாற்றம்தான். கேமிங் லேப்டாப்புகள் சூடு அனுமதிக்கும் வரை மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும்படி அமைக்கப்பட்டவை. பேஸ்ட் காய்ந்த நிலையில் ப்ராசஸர் 95 டிகிரியில் 45 வாட் எடுத்துக்கொண்டிருக்கலாம்; புதுப் பேஸ்ட் போட்டபின் அதே 95 டிகிரியில் 65 வாட் எடுக்கலாம். திரையில் தெரியும் டிகிரி மாறவில்லை என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். உண்மையில் வேலை பிரமாதமாக முடிந்திருக்கிறது. எனவே எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளைத் திறந்து, சினிபெஞ்ச் போன்ற ஒரு சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சில்லின் சூடு, வாட், கிளாக் வேகம், அறைச் சூடு நான்கையும் வேலைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். ப்ராசஸரின் கோர்களுக்குள் ஒன்று மற்றவற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகக் காட்டினால் பேஸ்ட் ஒரு மூலையில் விலகியிருக்கலாம் என்று பிரிக்கும் முன்பே ஊகிக்கலாம்.

அடுத்தது தூசி. பேஸ்ட் மாற்றினேன், இருபது டிகிரி குறைந்தது என்று சொல்லப்படும் கதைகளில் கணிசமான பங்கு தூசி தட்டியதால் கிடைத்தது. பெயரைப் பேஸ்ட் வாங்கிக்கொள்கிறது. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் பாதை நிறைய ஆள் நடக்கும் ஊரில் மண் தூசிக்குப் பஞ்சமில்லை. கற்பூரமும் கரி விட்டு எரியும் பொருள். பூஜை நடக்கும் அறையிலேயே லேப்டாப்பும் இருந்தால் அந்தக் கரி பஞ்சோடும் மண்ணோடும் சேர்ந்து பிசுபிசுக்கும். இந்தக் கலவை ஃபேன் இறக்கையைவிட, ஃபேனுக்கும் ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில்தான் படியும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அது போகாது, உள்ளே இன்னும் இறுகும். ஃபேனைக் கழற்றிவிட்டுத் துணிபோல உரித்தெடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுக்கும். பேஸ்ட் ஒன்றிரண்டு வருடமே ஆனதாக இருந்து, தூசி எடுத்ததுமே எண்கள் சரியாகிவிட்டால், அங்கேயே நிறுத்திவிடுவது நேர்மை. அதற்குரிய கூலி மட்டும் வாங்கினால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

பிரிக்கும் முறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டர். ஸ்குரூக்கள் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையின் துளையில் ஏற்றினால் மேல்பக்கம் புடைக்கும். காகிதத்தில் லேப்டாப்பின் உருவம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஸ்குரூவைக் குத்திவைக்கும் பழைய பழக்கத்தை விட நல்ல வழி இன்னும் வரவில்லை. ஹீட் சிங்க் ஸ்குரூக்கள் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் அச்சாகியிருக்கும். இறுக்குவது அந்த வரிசையில், தளர்த்துவது எதிர் வரிசையில். பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பக் கூடாது. பிரிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் லேப்டாப்பை ஓடவிட்டால் பேஸ்ட் இளகும். பிறகு மெல்லத் திருகினால் விடும். லேப்டாப் சில்லுக்கு டெஸ்க்டாப்பில் இருப்பதுபோல உலோக மூடி கிடையாது, சிலிக்கன் வெறும் முகத்தோடு நிற்கிறது. ஹீட் சிங்க்கை ஒரு பக்கமாகச் சாய்த்து இறுக்கினால் சில்லின் மூலை பெயர்ந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. போர்டுதான் மாற்ற வேண்டும். பழைய பேஸ்ட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் வேண்டும். கைக்குக் கிடைக்கிறது என்று பெட்ரோலும் தின்னரும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அவை எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும், பிளாஸ்டிக்கையும் தின்னும்.

பூசும் கனத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது, எந்தப் பிராண்டு சிறந்தது என்று பத்து வீடியோ பார்ப்பதைவிடப் பயன்படும். சில்லின் பரப்பு 200 சதுர மில்லிமீட்டர், கடத்தும் வெப்பம் 100 வாட், பேஸ்ட்டின் கனம் 0.05 மில்லிமீட்டர், அதன் கடத்துதிறன் 5 என்று வைத்துக்கொண்டால், பேஸ்ட்டைத் தாண்டும்போது 5 டிகிரி கூடும். இரண்டு மடங்கு விலை கொடுத்துக் கடத்துதிறன் 10 உள்ள பேஸ்ட் வாங்கினால் அது 2.5 டிகிரியாகும். லாபம் இரண்டரை டிகிரி. ஆனால் ஹீட் சிங்க் சரியாக உட்காராமல் அதே சாதாரணப் பேஸ்ட் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் நின்றுவிட்டால் 20 டிகிரி கூடும். விலை உயர்ந்த பேஸ்ட்டை மோசமாகப் பூசியவரைவிட மலிவானதை ஒழுங்காகப் பூசியவர் முந்துவது இப்படித்தான்.

நடுவில் அரிசி மணி அளவு வைத்தால் போதும் என்ற அறிவுரை டெஸ்க்டாப்புக்குச் சொன்னது. அங்கே உலோக மூடி சூட்டைப் பரப்பிக்கொடுக்கும், மூலை விடுபட்டாலும் பெரிய கேடு இல்லை. லேப்டாப்பின் வெற்றுச் சில்லில் விடுபட்ட மூலைக்கு அடியில் ஒரு கோர் இருக்கக்கூடும். சிறு பிளாஸ்டிக் தகட்டால் முகம் முழுவதும், விளிம்பு வரை, சிலிக்கன் தெரியாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் ஸ்குரூவின் அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும். குறைந்தால் நிரப்ப வழியில்லை.

டெஸ்க்டாப்பில் வருடக்கணக்கில் நிற்கும் பேஸ்ட் கேமிங் லேப்டாப்பில் சில மாதங்களில் தோற்பதும் உண்டு. ஒரு டிகிரி சூட்டுக்குச் சிலிக்கன் பத்து லட்சத்தில் சுமார் 2.6 பங்கு விரிகிறது, செம்பு சுமார் 17 பங்கு. கேம் திறக்கும்போது விரிவதும் மூடும்போது சுருங்குவதுமாக இரண்டும் வெவ்வேறு அளவில் அசைந்துகொண்டே இருக்க, நடுவிலுள்ள பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்குகிறது. தொழிலில் இதைப் பம்ப் அவுட் என்பார்கள். திறந்து பார்த்தால் நடுவில் சில்லு பளபளவென்று தெரியும், சுற்றிலும் கரை கட்டியிருக்கும். நீர்த்த பேஸ்ட்டில் இது சீக்கிரம் நடக்கும். கெட்டியான பேஸ்ட் தாங்கும்.

இதற்குச் சரியான தீர்வு நிலைமாறும் தாள். ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 இந்த வகையில் பெயர்பெற்றது. லெனோவோவின் லீஜியன் லேப்டாப்புகள் சிலவற்றில் ஆலையிலிருந்தே வருகிறது. சாதாரண வெப்பத்தில் அது மெல்லிய தாள். 45 டிகிரியை ஒட்டி இளகிப் பள்ளங்களை நிரப்பும், ஆறினால் இறுகும், ஓரத்துக்கு ஓடாது. சித்திரை வெயிலில் கடை 38 டிகிரியில் இருக்கும்போது இந்தத் தாள் ஏறக்குறைய இளகும் நிலையில்தான் கையில் இருக்கும். பாதுகாப்புப் படலத்தை உரித்தால் தாளும் கூடவே கிழிந்து வரும். ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சுத்தமாக உரியும். சில்லைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி ஒட்டுவது வழக்கம். ஒட்டிய உடனே கிடைக்கும் எண் கடைசி எண்ணாகாது. சில முறை சூடாகி ஆறினால்தான் அழுத்தத்தில் தாள் மெலிந்து முழுப் பலன் காட்டும். மறுநாள் அளந்து பில் போடுவது நல்லது. இந்தத் தாளிலும் பேஸ்ட்டிலும் போலிகள் தாராளம். ஆர்க்டிக் போன்ற நிறுவனங்கள் தங்கள் பேஸ்ட் அசலா என்று சரிபார்க்கத் தனி வழியே வைத்திருக்கின்றன.

தெர்மல் பேட்களில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். கிராஃபிக்ஸ் மெமரி, மின்சாரம் சீராக்கும் மாஸ்ஃபெட்கள், காயில்கள் ஆகியவை ஹீட் சிங்க்கை நேரடியாகத் தொடுவதில்லை, இடையில் 0.5, 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு கனத்தில் பேட் இருக்கும். மெமரிச் சில்லு ஒன்று ஓரிரு வாட்தான் விடும் என்பதால் பேட்டின் தரம் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை. கனம் தவறினால்தான் கேடு. 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் பேட் நசுங்காமல் ஹீட் சிங்க்கைத் தூக்கிப் பிடிக்கும். மேலே கணக்கிட்ட அந்த 20 டிகிரி இங்கிருந்துதான் வருகிறது. பழைய பேட்டை வெர்னியரில் அளந்தாலும் அது நசுங்கிய கனமே. நசுங்காத ஓரத்தை அளக்க வேண்டும், கழற்றும் முன் ஒவ்வொன்றின் இடத்தையும் படம் எடுக்க வேண்டும். பழைய பேட் கிழியாமல், எண்ணெய் வடியாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். கனம் பிடிபடாத இடத்தில் தெர்மல் புட்டி கைகொடுக்கும். களிமண்போல அழுந்திக் கிடைத்த இடைவெளிக்கு ஏற்ப நிற்கும், ஹீட் சிங்க்கைத் தூக்காது.

திரவ உலோகத்தைப் புதியவர் தொடாமல் இருப்பதே மேல். காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த அந்தக் கலவையின் கடத்துதிறன் பேஸ்ட்டைப் போலப் பல மடங்கு. ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி போர்டில் ஓடினால் ஷார்ட். அலுமினியத்தில் பட்டால் காலியம் உள்ளே ஊடுருவி அதைப் பொடியாக்கும், ஹீட் சிங்க்கின் காற்றுத் தகடுகள் பல அலுமினியமே. ஏசஸ் 2020 முதல் தன் ஆர்ஓஜி லேப்டாப்புகள் பலவற்றில் இதை ஆலையிலேயே பூசி, சில்லைச் சுற்றித் தடுப்பு வைத்து அனுப்புகிறது. ஹீட் சிங்க்கைத் தூக்கியதும் கண்ணாடிபோல வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால், லேப்டாப்பைச் சாய்க்காமல் நிறுத்தி, வாடிக்கையாளரிடம் பேசிவிட்டே மேற்கொண்டு போக வேண்டும். உத்தரவாதம் முடியாத லேப்டாப்பையும் திறப்பதற்கு முன்பு அப்படிக் கேட்டுக்கொள்வது வழக்கமாக வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகப் பூட்டியும் எண்கள் அசையாவிட்டால், பேஸ்ட்டை மறுபடி மாற்றிப் பார்ப்பது வீண். சந்தேகப்பட வேண்டியது வெப்பக்குழாய். செம்புக் குழாய்க்குள் காற்று நீக்கிச் சிறிதளவு நீர் அடைத்திருப்பார்கள். சில்லின் பக்கம் அது ஆவியாகி, தகடுகளின் பக்கம் குளிர்ந்து, உள்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பும். குழாய் நசுங்கினாலோ நுண்ணிய விரிசல் விட்டாலோ இந்த ஓட்டம் நின்றுவிடும். கழற்றிய ஹீட் சிங்க்கின் ஒரு முனையைச் சுடுதண்ணீரில் நனைத்தால் நல்ல குழாயின் மறுமுனை சில நொடிகளில் சுடும். செத்த குழாயில் சூடு மெல்ல ஊர்ந்துதான் வரும். அப்போது முழு ஹீட் சிங்க்கையும் மாற்ற வேண்டும். அதற்கு லேப்டாப்பின் மாடல் பெயர் போதாது, ஒரே மாடலில் ஜிபியு வேறானால் குழாய்களின் எண்ணிக்கையும் வேறாகும். பழைய ஹீட் சிங்க்கில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்து அனுப்பித்தான் சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்க வேண்டும்.