விரைவும் விதியும்

மயிற்பீலி மெல்லியது, எனினும் அதனையும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்துள் வைத்தார். அச்சு முறிதற்குக் காரணம் பீலியின் கனமன்று. அளவறியாது ஏற்றியவன் செயலே காரணமாம். இக்காலத்து நகரங்களில் உணவும் மளிகையும் வீடுதோறும் கொண்டு சேர்க்கும் மோட்டார் சைக்கிள் தொழிலாளர் நிலையை ஆராய்வார்க்கு இவ்வுவமை பெரிதும் பயன்படும். அவர்தம் காப்பிற்கென அமைந்த விதிகளும் அவர்மேல் ஏறும் வேலைப் பளுவும் எவ்வாறு முரணுகின்றன என்பதையும், அம்முரண் நீங்கும் வழி யாது என்பதையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

தலைக்கவசம் அணிதல், சிவப்பு விளக்கிற்கு நிற்றல், வேக வரம்பைக் கடவாமை, வண்டி செலுத்துங்கால் கைப்பேசியைக் கையாளாமை, களைத்தவழி ஓய்தல் என்பன விதிகள். இவற்றைத் தொழிலாளர் அறியாதவர் அல்லர். பின் ஏன் மீறுகின்றனர் எனின், ஊதியம் அமைந்த முறையை நோக்குதல் வேண்டும். அவர்களுட் பலர் மாதச் சம்பளம் பெறுவோரல்லர். ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று பெறுவோர். குறித்த எண்ணிக்கையை எட்டினால் ஊக்கத்தொகையும் உண்டு. கடைவாயிலிற் காத்து நிற்கும் நேரமும் மழைக்கு ஒதுங்கும் நேரமும் பெரும்பாலும் காசு தருவதில்லை. பெட்ரோற் செலவும் வண்டியைப் பழுதுபார்க்கும் செலவும் பொதுவாக அவருடையனவே. ஆகவே ஓய்வு என்பது காப்பிற்கு வேண்டுவதாயினும் கணக்கின்படி இழப்பாகிறது. விதி ‘நில்’ என்கிறது. ஊதியம் ‘ஓடு’ என்கிறது.

இனி, விரைவினால் வரும் ஆதாயத்தையும் கேட்டையும் கணக்கிட்டுக் காண்போம். 6 கிலோமீட்டர் வழியை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இடையறாது செல்வோன் 10 நிமிடத்திற் கடப்பான். 54 கிலோமீட்டர் வேகத்திற் செல்வோன் 6 நிமிடம் 40 விநாடியிற் கடப்பான். மிச்சம் 3 நிமிடம் 20 விநாடியே. நகரத் தெருவின் நெரிசலில் அதுவும் முழுதும் கிட்டாது. கேட்டை நோக்குக. எதிரே குழந்தையொன்று ஓடிவரக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு விநாடி செல்லுமெனின், அதற்குள் முன்னவன் வண்டி 10 மீட்டரும் பின்னவன் வண்டி 15 மீட்டரும் ஓடிவிடும். பிரேக் பற்றியபின் வண்டி நிற்பதற்கு வேண்டும் தூரமோ வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகுமாதலின் இரண்டேகால் மடங்காகும். மூன்று நிமிட மிச்சத்திற்கு இது பெருவிலை.

சட்டம் இதுபற்றி என் கூறுகிறது? இந்தியாவில் 1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி, 5 மணிக்கு மேற்படாமல் அரைமணி ஓய்வு எனப் பொதுவாக வரையறுத்தது. அது பின்னர் 2020 ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிற்று. ஆனால் கைப்பேசிச் செயலி வழியே வேலை பெறுவோரைக் கம்பெனிகள் ‘பங்காளர்’ என்றே வழங்குகின்றன. அதே ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அவர்க்கு நலத்திட்டங்களுக்கு வழிசெய்யினும், மரபான முதலாளி தொழிலாளி உறவிற்குப் புறம்பானோராகவே அவரை வகுத்தது. ஆதலின் வேலைநேர வரம்பு அவர்களை எளிதில் எட்டுவதில்லை.

எனினும் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183 ஆம் பிரிவு ஊன்றி நோக்கத்தக்கது. வேக வரம்பை மீறுவோனை மட்டுமன்றி, தன் ஆளுகைக்கு உட்பட்டவனை மீறச் செய்வோனையும் அது குற்றவாளியாக்குகிறது. வரம்பை மீறாது முடித்தல் இயலாத காலத்துள் பயணத்தை முடிக்குமாறு ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ கட்டளையிட்டாலோ, அதுவே அவர் குற்றம் செய்தமைக்கு முதற்சான்றாகும் என்றும் கூறுகிறது. ஏற்றியவனே பொறுப்பாளி என்னும் உண்மை இங்கே சட்டமாகி நிற்கிறது.

பிற நாடுகளிலும் இவ்வுண்மை உணரப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டு, பாரச் சரக்கு வண்டி ஓட்டுவோர்க்கு நாலரை மணி நேர ஓட்டத்திற்குப்பின் 45 நிமிட ஓய்வு விதித்தது. அதனோடு அமையாது, கடந்த தூரத்திற்கோ ஏற்றிய பாரத்திற்கோ ஏற்ப ஊதியம் தருதல் சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமாயின் அம்முறையையும் தடுத்தது. அமெரிக்காவில் டாமினோஸ் பீட்ஸா கம்பெனி, 30 நிமிடத்துள் தருவோம் என்று அளித்துவந்த உறுதியை, செயின்ட் லூயிஸ் நகரில் விபத்து வழக்கொன்றிற் பெருந்தொகை இழப்பீடு தீர்ப்பானபின், 1993 ஆம் ஆண்டில் அந்நாட்டிற் கைவிட்டது.

தொழிலாளர் மிகுதியாக ஈட்டக் கருதித் தாமே விரும்பி ஓடுகின்றனர் என்பார் சிலர். அளவான உழைப்பால் குடும்பம் நடக்குமாயின், அதற்கு மேலும் ஓடுவதை விருப்பம் எனலாம். நடவாதவழி அது விருப்பமன்று, நெருக்கடியே.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. பயணத்திற்குரிய காலத்தைச் சாலையின் நிலை அறிந்து குறித்தல் வேண்டும்; காத்திருக்கும் நேரத்திற்கும் ஊதியம் அளித்தல் வேண்டும்; ஓய்ந்தவனுக்கு ஊக்கத்தொகை குறையாதிருத்தல் வேண்டும். இவை அமையாதவழி, காப்பு விதிகள் சுவரில் ஒட்டிய தாளாகவே நிற்கும். வீட்டிலிருந்து பொருளை எதிர்நோக்கும் நாமும் மூன்று நிமிடம் பொறுத்தலைக் கற்போமாக. அப்பொறுமை சாலையில் ஓர் உயிர்க்குக் காப்பாதல் கூடும்.