பயத்தை அளக்கும் கோல்

காய்ச்சல் எவ்வளவு என்று அறிய வெப்பமானி இருக்கிறது. பல் வைத்தியரின் நாற்காலியில் உட்காரும்போது வயிற்றைக் கலக்குகிறதே, அந்தப் பயம் எவ்வளவு என்று எதைக் கொண்டு அளப்பது? "அதையெல்லாம் அளக்க முடியுமா, சார்?" என்று கேட்பீர்கள். அளக்கிறார்கள். அதற்கான கருவி ஒரு தாளும் ஒரு பேனாவுந்தான்.

அளக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. பயந்துகொண்டு நாளைக் கடத்துபவருக்குச் சிறிய சொத்தை பெரிதாகி வேர்வரை போய்விடும். அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைக் கடைசியில் பிடுங்க வேண்டியதாகிறது. யார் அதிகமாக அஞ்சுகிறார் என்று முன்னதாகத் தெரிந்தால், வைத்தியர் அவரிடம் பேசித் தேற்றி, நிதானமாக வேலையைத் தொடங்கலாம். முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாமே என்கிறீர்களா? பயத்தை மறைப்பதில் நம்மவர்கள் சூரர்கள்!

1969-இல் அமெரிக்க உளவியலாளர் நார்மன் கோரா நான்கு வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் மரத்துப்போகப் போடும் ஊசியைப் பற்றிக் கேள்வியே இல்லை. பலருக்குப் பயமே அந்த ஊசியைக் கண்டுதான்! 1995-இல் பிரிட்டனில் ஜெரி ஹம்ஃபிரிஸும் அவருடைய துணைவர்களும் அதைத் திருத்தி ஐந்து வினாக்களாக்கினார்கள். நாளைக்குப் பல் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? வெளியே முறைக்காகக் காத்திருக்கும்போது? பல்லைக் குடையப் போகும்போது? காறை எடுத்துப் பல்லைச் சுத்தம் செய்யப் போகும்போது? ஈறில் ஊசி போடப் போகும்போது? ஒவ்வொன்றுக்கும் 'பதற்றமே இல்லை' என்பதிலிருந்து 'அளவு கடந்த பதற்றம்' என்பதுவரை ஐந்து விடைகள் உண்டு; அவற்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 5-க்குக் குறையாது, 25-ஐத் தாண்டாது. 19 அல்லது அதற்கு மேல் வந்தால் மிகுந்த அச்சம் உடையவர் என்று கொள்கிறார்கள்.

இந்த வினாநிரலின் தமிழ் வடிவத்தைச் சென்னையில் சோதித்துப் பார்த்து, 2012-இல் ஒரு பல் மருத்துவ ஆய்விதழில் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தே ஐந்து வாக்கியங்கள். ஒரு மாலைப்பொழுதில் மொழிபெயர்த்து முடித்துவிடலாம். அதைச் சோதிக்க ஓர் ஆராய்ச்சி எதற்கு?

நான் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன். ஆகவே என் வழியில் விடை சொல்கிறேன். ஒரு நல்ல வெப்பமானியின் கோடுகளை அப்படியே அளந்து வேறொரு கண்ணாடிக் குழாயில் கீறுகிறீர்கள். அது வெப்பமானி ஆகிவிடுமா? ஆகாது. புதிய குழாயின் துளை வேறு, குமிழின் பருமன் வேறு. உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீரின் ஆவியிலும் அதை வைத்துப் பார்த்தால்தான் எந்தக் கோடு எங்கே வரவேண்டும் என்று தெரியும். மொழிபெயர்த்த வினாநிரலும் அப்படிப்பட்ட புதுக் குழாய்தான்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஆங்கில மூலத்தில் உள்ள சொல் மனப்பதற்றத்தைக் குறிப்பது. அதைக் 'கவலை' என்று ஒருவர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் தினக்கூலி வாங்கும் ஒரு தொழிலாளியிடம் அந்தத் தாளை நீட்டுகிறோம். நாளைக்குப் பல் வைத்தியரிடம் போவதென்றால் எவ்வளவு கவலை? "மிகவும்" என்று குறிக்கிறார். ஏன் தெரியுமா? ஒரு நாள் கூலி போகிறதே! ஊசிக்கு அவர் கொஞ்சமும் அஞ்சாதவராக இருக்கலாம். நாம் அளந்தது அவருடைய சட்டைப்பையை. காறை எடுப்பதற்குப் 'பல் சுத்தம் செய்தல்' என்று மட்டும் எழுதினாலும் தொல்லைதான். வைத்தியரிடமே போயிராதவர், தினமும் காலையில் வேப்பங்குச்சியால் செய்கிற வேலைக்கு என்ன பயம் என்று 1 போட்டுவிடுவார்.

இத்தகைய கோளாறுகளைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். நல்ல முறைதான், ஆனால் முழுக்க நம்பக்கூடாது. இரண்டாமவர் கெட்டிக்காரராக இருந்தால் கரடுமுரடான தமிழிலிருந்தும் மூலத்தை ஊகித்துவிடுவார். ஆகவே சாதாரண மக்கள் சிலரிடம் காட்டி, "இதில் உங்களை என்ன கேட்டிருக்கிறது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அடுத்து எண்கள். ஒரே தொட்டி நீரில் ஐந்து வெப்பமானிகளை அமிழ்த்தினால் ஐந்தும் ஏறக்குறைய ஒன்றையே காட்ட வேண்டும். ஐந்து வினாக்களும் ஒரே பயத்தைத்தான் அளக்கின்றனவா? இதைச் சொல்லும் ஓர் எண்ணை அமெரிக்கரான குரோன்பாக் 1951-இல் விளக்கினார். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். பத்தாம் வகுப்பில் வரும் விலக்க வர்க்கச் சராசரி தெரிந்தால் போதும், நீங்களே கணக்கிடலாம்.

கற்பனையாக ஒரு கணக்கு. பலர் எழுதிய விடைகளில் ஒவ்வொரு வினாவின் விலக்க வர்க்கச் சராசரியும் 1.2 என்க. ஐந்துக்கும் கூட்டினால் 6. வினாக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை என்றால், மொத்த மதிப்பெண்ணின் விலக்க வர்க்கச் சராசரியும் அதே 6-ஆகத்தான் வரும். ஐந்தும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கினால் அது 30 வரை போகும். நமக்கு 18 வந்தது என்போம். 6-ஐ 18-ஆல் வகுத்து, அதை 1-இலிருந்து கழித்து, 5/4-ஆல் பெருக்குங்கள். விடை 0.83. 18-க்குப் பதில் 6 போட்டுப் பாருங்கள், ஆல்ஃபா 0. 30 போட்டால் 1. வழக்கமாக 0.7-க்கு மேல் இருந்தால் சரி என்கிறார்கள். 1-ஐ ஒட்டி வந்தாலும் கொண்டாட வேண்டாம். ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறோம் என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

சில நாள் கழித்து அதே ஆட்களிடம் மீண்டும் கேட்டு, விடை மாறாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இங்கேதான் எங்கள் பாடம் சுலபமானது என்று தோன்றுகிறது. தொட்டி நீருக்கு முந்தைய அளவு நினைவிருக்காது, மனிதனுக்கு இருக்கும். மறுநாளே கேட்டால் பழைய விடையை நினைவிலிருந்து எழுதுவார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அதற்குள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, 'அட, இவ்வளவுதானா' என்று பயம் தெளிந்திருப்பார்.

இவ்வளவும் நம்பகத்தைப் பற்றியது. திருகு அளவியில் சுழிப்பிழை இருந்தால், நூறு தடவை அளந்தாலும் ஒரே அளவு காட்டும், நூறும் தவறு. ஆகவே ஏற்புடைமையைத் தனியாகப் பார்க்க வேண்டும். பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்கள், தயங்காமல் போகிறவர்களைவிட அதிக மதிப்பெண் பெறுகிறார்களா? பெறவில்லை என்றால் ஆல்ஃபா எவ்வளவு அழகாக இருந்தும் பயன் இல்லை. 19 என்ற எல்லைக்கோடும் இப்படித்தான். பிரிட்டனில் வகுத்த அது திருவள்ளூரிலும் அதே இடத்தில்தான் விழும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது?

கும்மிடிப்பூண்டியில் இந்தச் சிக்கல் இன்னும் பெருகும். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். ஆகவே தெலுங்கு வீட்டுமொழியாக உள்ளவர்கள் ஏராளம். ஆலைகளில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்து வேலை செய்பவர்களும் நிறைய. அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் ஏறினால் ஒரே பெட்டியில் நான்கு மொழி கேட்கலாம். தமிழ்த் தாளில் 15 வாங்கியவரும் இந்தித் தாளில் 15 வாங்கியவரும் ஒரே அளவு பயந்தவர்களா? இரண்டு தாளையும் தனித்தனியே சோதித்திருந்தாலும், ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதவரை சொல்ல முடியாது. எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு நாமே வாசித்துக் காட்டினால் வேறொரு சங்கடம். கூட வேலை செய்பவர்கள் சுற்றி நிற்க, "எனக்கு ரொம்பப் பயம்" என்று எந்த ஆண்பிள்ளை வாய் திறந்து சொல்வார்?

நீங்களே ஒரு பகுதியைச் சோதிக்கலாம். 'சிறிது', 'ஓரளவு', 'மிகவும்', 'அளவு கடந்த' ஆகிய சொற்களை நான்கு துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். குலுக்கி, தெரிந்தவர் இருபது பேரிடம் ஒவ்வொருவராகக் கொடுத்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். 'சிறிது', 'ஓரளவு' இரண்டையும் எத்தனை பேர் இடம் மாற்றி வைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் மாற்றி வைத்தால் உங்கள் அளவுகோலில் அந்த இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டன என்று பொருள். வேறு சொல் தேடி எழுதி, இதுவரை சீட்டைப் பார்க்காத இருபது பேரிடம் மறுபடி தொடங்குங்கள்.